அம்மா எழும்பி நின்ற நாள்



இந்த மாதம் ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். "பிள்ளைகள் போனும் கையுமாக இருந்து கண்ணைக் கெடுக்கிறது போதாதென்று இவவும் தொடங்கிவிட்டா" என்று நினைக்கலாம். நியாயந்தான். பெற்றோர் கூட்டங்களில் கையை ஆட்டி ஆட்டி அதையே பேசி வந்தவள்தான் நானும். வீடியோ விளையாட்டு என்றால் கதிரையில் குந்தியிருந்து பெருவிரலை மட்டும் அசைக்கிற வேலை என்பதுதான் எனது முடிவாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்த ஒரு சம்பவம் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

கடந்த பாடசாலை விடுமுறைக்கு லண்டனில் இருந்து அண்ணா குடும்பம் வந்திருந்தது. அண்ணா, மச்சாள், பன்னிரண்டு வயது மருமகன், ஒன்பது வயது மருமகள். அப்பா காலமாகி மூன்று வருடங்களுக்குப் பிறகு வீடு நிறைந்திருந்தது. அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் அடியில் துவாயால் சுற்றிய ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. பெயர் 'வீ'. மச்சாள் 2008இல் தனது சம்பளத்தில் வாங்கியதாம். பிள்ளைகளிடம் இப்போது புதிய கருவிகள் வந்துவிட்டதால் பரணில் கிடந்திருக்கிறது. "ஊரில் இன்ரநெற் இல்லாட்டியும் இது வேலை செய்யும்" என்று அண்ணா தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மாமார் வெறுக்காத பெட்டி

முதலில் இந்தப் பெட்டியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதைச் செய்தது நின்டெண்டோ என்ற யப்பானிய நிறுவனம். 1889இல் கியோட்டோ நகரில் பூப்படம் போட்ட விளையாட்டுச் சீட்டுகள் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. 'வீ' 2006 நவம்பர் 19இல் வட அமெரிக்காவிலும், டிசம்பர் 2இல் யப்பானிலும், டிசம்பர் 8இல் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது. யப்பான், தென்கொரியா தவிர்ந்த பெரும்பாலான நாடுகளில் பெட்டியோடு 'வீ ஸ்போர்ட்ஸ்' என்ற விளையாட்டுத் தட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். டென்னிஸ், பேஸ்போல், போலிங், கோல்ப், குத்துச்சண்டை என ஐந்து விளையாட்டுகள் அதில் உண்டு. ஏறத்தாழ 8 கோடியே 29 இலட்சம் பிரதிகள் விற்பனையாகின. 2023இல் அமெரிக்காவின் உலக வீடியோ விளையாட்டுப் புகழ் மண்டபத்திலும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அப்போது அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் சட்டோரு இவாட்டா. அவர் 2015இல் காலமானார். ஏற்கெனவே விளையாடுகிற பொடியன்களுக்கு இன்னும் வேகமான பெட்டி செய்வதைவிட, இதுவரை விளையாடாதவர்களை விளையாட வைக்க வேண்டும் என்பதே அவரது எண்ணம். வீட்டிலுள்ள அம்மாமார் வெறுக்காத ஒரு பெட்டியாக இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் வைத்துக்கொண்ட இலக்குகளில் ஒன்றாம். அதனால்தான் பெட்டி சிறியது. கையில் பிடிக்கும் கருவியும் ரீவி ரிமோட் போலவே இருக்கிறது. அதற்குப் பெயரும் ரிமோட்தான். 'வீ' என்ற பெயரும் ஆங்கிலத்தில் 'நாங்கள்' என்ற சொல்லைப் போல ஒலிக்கும்படி வைக்கப்பட்டது.

இந்த ரிமோட்டுக்குள் அசைவை உணரும் சிறு பொறி ஒன்று இருக்கிறது. கையை வீசினால் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று அது அறிந்து பெட்டிக்குச் சொல்லும். ஆகவே, பந்தை அடிக்கப் பொத்தானை அமுக்கத் தேவையில்லை. மட்டை பிடித்திருப்பது போலக் கையை வீசினால் சரி. ரீவியில் இருக்கும் பொம்மையும் வீசும். பந்து பட்டதும் ரிமோட் கைக்குள் மெல்ல அதிரும். அதில் உள்ள சின்ன ஒலிபெருக்கியில் 'டொக்' என்று சத்தமும் வரும். அந்த ஒரு அதிர்வில் நான் உண்மையாகவே எதையோ அடித்துவிட்டேன் என்று என் கை நம்பிவிட்டது.

இரண்டு மெழுகுதிரி

ஆனால் முதல் நாளே சிக்கல். ரீவிக்கு முன்னால் வைக்கும் மெல்லிய கறுப்புச் சட்டம் ஒன்றை லண்டனில் மறந்துவிட்டு வந்துவிட்டார்கள். அது இல்லாமல் திரையில் ஒன்றையும் தெரிவுசெய்ய முடியாது. மருமகனின் முகம் சுருங்கிப்போனது. பிறகு அவனே யோசித்து, "மாமி, ரெண்டு கண்டில் இருக்கா?" என்று கேட்டான்.

2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கி மிஞ்சிய மெழுகுதிரிகள் அலுமாரிக்குள் இருந்தன. ரீவிக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் இரண்டைக் கொளுத்தி வைத்தான். என்ன ஆச்சரியம், ரிமோட் வேலை செய்தது! அந்தக் கறுப்புச் சட்டம் எதையும் உணர்வதில்லையாம். அதன் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இருக்கிறது. ரிமோட்டின் நுனியில் உள்ள கமரா அந்த இரண்டு ஒளிப் புள்ளிகளைப் பார்த்துத்தான் தான் எங்கே நீட்டப்படுகிறது என்று அறிகிறது. மெழுகுதிரிச் சுடரிலும் அந்த ஒளி உண்டு.

கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "கரண்ட் இருக்கேக்குள்ளை ஏன் பிள்ளையள் மெழுகுதிரி கொளுத்துறியள்?"

(தெரிவுகள் முடிந்ததும் சுடரை அணைத்துவிட்டோம். சின்னப் பிள்ளைகள் கை வீசும் இடத்தில் நெருப்பு வைப்பது ஆபத்து. நீங்கள் இதைச் செய்ய வேண்டாம்.)

முதல் இரண்டு நாட்களும் அண்ணாவும் பிள்ளைகளும்தான் விளையாடினார்கள். நானும் இடையில் ஒருமுறை டென்னிஸ் விளையாடினேன். பொம்மை தானாகவே பந்திருக்கும் இடத்துக்கு ஓடிவிடும். நாங்கள் சரியான நேரத்தில் வீசினால் போதும். நான் விறாந்தையில் அங்குமிங்கும் பாய்ந்து வியர்த்து விறுவிறுத்துத் தோற்றேன். மருமகனோ சோபாவில் சாய்ந்திருந்து மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டி வென்றான். "மாமி, கையை அவ்வளவு வீசத் தேவையில்லை" என்றான். பெட்டி எங்களை எழுப்பப் பார்க்கிறது. நாங்கள் அதையும் ஏமாற்றி இருந்துவிடப் பார்க்கிறோம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் இன்னொன்றையும் கவனித்தேன். பெட்டியைத் தன் காசில் வாங்கிய மச்சாள் குசினியில் நின்றார். லண்டனில் எட்டு மணித்தியாலம் வேலை செய்துவிட்டு வந்தும் சமையல், உடுப்பு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று ஓடுகிறவர் அவர். "நான் வாங்கின முதல் கிழமை ரெண்டு நாள் விளையாடினனான். பிறகு எங்கை நேரம்?" என்றார். வேலைக்குப் போகும் பெண் வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது முறை வேலை தொடங்குகிறாள் என்று ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989இல் ஒரு நூலில் எழுதினார். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்துப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்த நானும் மச்சாளுக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்குமான விளையாட்டு என்று யப்பானில் எவ்வளவுதான் யோசித்துச் செய்தாலும், வீட்டில் ஓய்வு நேரம் யாருக்கு இருக்கிறதோ அவர்தானே அதை விளையாடுவார்?

மூன்றாம் நாள் நான் அண்ணாவிடம் திருவலையைக் கொடுத்தேன். "இண்டைக்குத் தேங்காய் நீங்கள் திருவுங்கோ. மச்சாள் விளையாடட்டும்" என்றேன். அண்ணா சிரித்துக்கொண்டே வாங்கினார். அரைத் தேங்காய்க்கு அரை மணித்தியாலம் எடுத்தார் என்பது வேறு கதை.

நெற்றியில் ஒரு புள்ளி

அன்றுதான் மருமகள் அப்பம்மாவுக்கும் ஒரு பொம்மை செய்யப் போவதாக அடம்பிடித்தாள். இந்தப் பெட்டியில் விளையாடுகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் முகச்சாயலில் ஒரு பொம்மை செய்யலாம். முகவெட்டு, தலைமயிர், மூக்கு, கண்ணாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்ய வேண்டும். நரைத்த தலை, உருண்டை முகம், கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வைத்தாள். பொட்டு வைக்க ஒரு வசதியும் அதில் இல்லை. ஆனால் மச்சம் வைக்கலாம். அந்த மச்சத்தை மேலே நகர்த்தி நகர்த்தி நெற்றியின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அவள் லண்டன் வீட்டுச் சுவரில் பார்த்து வளர்ந்தது அப்பாவோடு நிற்கும் அப்பம்மாவின் பழைய படத்தைத்தான்.

விறாந்தை ஒரு கணம் அமைதியானது. அப்பா போன நாளில் இருந்து அம்மா பொட்டு வைப்பதில்லை. நானும் ஒருநாளும் அதைப்பற்றி அவருடன் கதைத்ததில்லை. ஊரிலுள்ள மற்றப் பெண்களிடம், "கணவன் இல்லையென்றால் உங்களுக்கு வாழ்க்கை இல்லையா?" என்று கேட்டிருக்கிறேன். கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என் அம்மாவிடம் கேட்கவில்லை.

அண்ணா மெதுவாக, "அதை எடு, பிள்ளை" என்றார்.

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இருக்கட்டும் விடு. குழந்தை வச்சது" என்றார்.

அதற்குப் பிறகுதான் அம்மா எழும்பினார். சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். முன்கதவைச் சாத்தச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அம்மா, முழங்கால் நோகும். நீங்கள் இருங்கோ" என்றேன். சமூக சேவகி நான்! நீரிழிவுக் கிளினிக்கில் வைத்தியர் நடக்கச் சொல்லி இரண்டு வருடம். "நடவுங்கோ அம்மா, நடவுங்கோ" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் அவர் ஒருநாள் எழும்பி நின்றதும் முதலில் இருக்கச் சொன்னவள் நான்தான்.

அம்மா நான் சொன்னதைக் கேட்கவில்லை. போலிங் விளையாட்டைக் காட்டினோம். ரிமோட்டின் அடியில் உள்ள பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசி, பொத்தானை விட வேண்டும். பந்து உருண்டு போய்ப் பத்துக் கட்டைகளையும் வீழ்த்த வேண்டும். அம்மா கை பின்னால் போகும்போதே பொத்தானை விட்டுவிட்டார். திரையில் பந்து பின்பக்கமாகப் பறந்தது. பின்னால் நின்ற பொம்மைகள் எல்லாம் துள்ளிப் பயந்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வாயைக் கையால் மூடாமல் அம்மா சிரித்ததை நான் கண்டு எவ்வளவு காலம்!

இரண்டாவது பந்து ஓரத்துக் கானுக்குள் விழுந்தது. மூன்றாவதில் ஏழு கட்டைகள். அப்போது அம்மாவின் நிலை மாறியதைக் கவனித்தேன். ஒரு கால் முன்னே, முழங்கால் சற்று மடிந்து, கண் நேரே. இது எங்கேயோ பழகிய உடம்பு.

"அம்மா, நீங்கள் முந்தி ஏதும் விளையாடினனீங்களோ?"

"வலைப்பந்து. சென்ரர் நான்" என்றார், ரீவியில் இருந்து கண்ணை எடுக்காமலே.

கேட்காத கேள்வி

அன்று இரவு பாய் விரித்துப் படுத்திருந்தபோது மிச்சக் கதையைச் சொன்னார். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்திலும் முதலாவது. வலைப்பந்துக் குழுவிலும் இடம். பின்னேரத்தில் ஒழுங்கைக்குள் தாச்சி மறிப்பார்களாம். மழை பெய்தால் விறாந்தையில் கொக்கான் வெட்டுவார்களாம். பெரிய பிள்ளையானதும் எல்லாம் நின்றது. "அம்மா நிப்பாட்டிப்போட்டா. பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினது காணும் எண்டு சொன்னா. ரீச்சர் வீட்டை வந்து கேட்டவ. அம்மா தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டா."

ஒரு சான்றிதழ் இருந்ததாம். 1995 இடப்பெயர்வில் மற்றவற்றோடு அதுவும் போய்விட்டது.

"நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே அம்மா?"

"நீ கேக்கேல்லையே, மோனை."

சகோதரிகளே, முதியோரிடம் நாங்கள் என்ன கேட்கிறோம்? மருந்து குடித்தீர்களா, சாப்பிட்டீர்களா, சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு? வேலையில் நான் நிரப்பும் படிவங்களிலும் இவைதான் உண்டு. பிறந்த திகதி, நோய், வருமானம், பிள்ளைகள் எத்தனை பேர். 'நீங்கள் என்ன விளையாடினீர்கள்?' என்றொரு நிரல் எந்தப் படிவத்திலும் இல்லை. எங்கள் தாய்மாரின் தலைமுறையில் எத்தனையோ ஓட்டக்காரிகள் குசினிக்குள் முடங்கிப்போனார்கள். இன்று யாழ்ப்பாணத்து மகள் தர்ஜினி சிவலிங்கம் தேசிய வலைப்பந்து அணிக்கு விளையாடியதையும், 2018இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றதையும் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெருமையைச் சொல்கிற வீட்டிலேயே இப்போதும் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை மைதானத்தில் இருந்து மறிக்கப்படுகிறாள். ரியூசன் என்று ஒரு காரணம், வெயில் என்று ஒரு காரணம், பொடியன்கள் பார்ப்பார்கள் என்று ஒரு காரணம்.

பெட்டி சொன்ன வயது

அடுத்த நாள் அம்மாவே, "எங்கை அந்தப் பெட்டி?" என்று கேட்டார். வேகம், சமநிலை, தாங்குதிறன் மூன்றையும் பார்த்து உடல் வயதைச் சொல்லும் சோதனை ஒன்று அதில் இருக்கிறது. மிகச் சிறந்தது 20, மிக மோசமானது 80. மருமகன் அம்மாவுக்கு அதை வைத்தான். 80 என்று வந்தது! "எனக்கு அறுபத்தேழு. இந்தப் பெட்டி பதின்மூண்டு வயசு கூட்டிப்போட்டுது" என்று அம்மா கோபித்தார். ஒரு நாளைக்கு ஒருமுறைதான் அந்தச் சோதனை கணக்கில் எடுக்கப்படும். மறுநாள் காலமை தேத்தண்ணி குடித்த கையோடு ரிமோட்டைத் தேடினார். 74 வந்தது. ஏதோ வேலையாக வந்த பக்கத்து வீட்டு மாமியைக் கண்டதும் ரிமோட்டைச் சீலைக்குள் மறைத்தார். மாமி கண்டுவிட்டார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மாமியும் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்!

அந்த 80ஐயும் 74ஐயும் யாரும் வைத்தியச் சோதனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு விழுந்த மூன்று சிறு போட்டிகளில் எடுத்த புள்ளிகளின் கணக்குத்தான் அது. இதயத்தைப் பற்றியோ இரத்தச் சீனியைப் பற்றியோ அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் அம்மாவின் வயது குறைந்ததற்குக் காரணம், பொத்தானை எப்போது விடுவது என்று அவர் பழகியதுதான்.

இந்த விளையாட்டு உண்மையில் உடற்பயிற்சிதானா? நான் தேடிப் படித்தவற்றைச் சொல்கிறேன். 2007இல் பிரித்தானிய மருத்துவ இதழில் லிவர்பூல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 13 முதல் 15 வயது வரையான பிள்ளைகள் 'வீ ஸ்போர்ட்ஸ்' விளையாடும்போது, இருந்து விளையாடும் வீடியோ விளையாட்டைவிடக் கூடுதலான சக்தியைச் செலவழித்தார்கள். ஆனால் உண்மையான டென்னிசோ குத்துச்சண்டையோ விளையாடும்போது செலவழிவதைவிட அது குறைவு. 2012இல் அமெரிக்காவில் 9 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு 13 வாரங்கள் இப்படியான அசைவு விளையாட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இருந்து விளையாடும் விளையாட்டுக் கிடைத்த பிள்ளைகளைவிட அவர்களின் மொத்த உடலியக்கம் கூடவில்லை. எங்கள் மருமகன் சோபாவில் இருந்து வென்றதைப் பார்த்த எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

இன்னுமொன்று எனக்கு மிகவும் பிடித்தது. பக்கவாதத்தால் கை பலவீனமானவர்களுக்கு 'வீ' உதவுமா என்று கனடாவின் ரொறன்ரோவை மையமாகக் கொண்ட குழு ஒன்று ஆராய்ந்தது. 141 பேர் பங்குகொண்ட அந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் 'வீ' விளையாடினார்கள். மற்றவர்கள் சீட்டு, கட்டை அடுக்குதல், பந்து போன்ற சாதாரண விளையாட்டுகளை விளையாடினார்கள். இரு பகுதியினருக்கும் கை முன்னேறியது. ஒன்று மற்றதைவிடச் சிறந்ததாக இருக்கவில்லை. யோசித்துப் பாருங்கள்! விலை கொடுத்து வாங்கும் பெட்டி செய்ததைச் சீட்டுக்கட்டும் பந்தும் செய்தன. அப்படியானால் எங்கள் கரம் பலகையும் தாயக்கட்டையும் ஏன் அலுமாரிக்கு மேல் தூசி பிடிக்க வேண்டும்?

ஐந்து விளையாட்டில் ஒன்றாவது எங்கள் ஊர் விளையாட்டு இல்லையே என்ற குறையும் எனக்கு இருந்தது. கோல்ப் மைதானத்தை நுவரெலியாவில் பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. பேஸ்போல் எங்களது எல்லேக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போல. வலைப்பந்து இல்லை. இந்தப் பெட்டியின் உற்பத்தி 2013இல் யப்பானில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது பழையதாகத்தான் கிடைக்கும். 2022 ஏப்ரலில் வந்த இதன் புதிய வாரிசில் பட்மின்டனும் கரப்பந்தும் இருக்கின்றன என்று மருமகன் சொன்னான். அதைக் கடன்பட்டு வாங்க வேண்டாம். ஒரு கயிற்றைக் கட்டி இரண்டு மட்டை வாங்கினால் முற்றத்திலேயே பட்மின்டன் ஆடலாம்.

சில கவனக் குறிப்புகள்

உங்கள் வீட்டுக்கும் வெளிநாட்டு உறவினர் இப்படியொரு பெட்டியைக் கொண்டுவரக்கூடும். அதனால் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

மணிக்கட்டுப் பட்டியை மாட்டாமல் விளையாடக் கூடாது. வியர்த்த கையில் இருந்து ரிமோட் பறந்து ரீவியை உடைத்த வீடுகள் பல. பட்டி அறுந்துபோகிறது என்ற முறைப்பாடுகளால் 2006 டிசம்பரிலேயே ஏறத்தாழ 32 இலட்சம் பட்டிகளை மாற்றிக் கொடுக்க நிறுவனம் முன்வந்தது.

கை வீசும் தூரத்துக்குள் சின்னப் பிள்ளைகள், கண்ணாடிச் சாமான், மின்விசிறி ஒன்றும் இருக்கக் கூடாது. மாபிள் தரையில் காலுறையோடு நிற்க வேண்டாம், வழுக்கும்.

முதல் நாளே ஆசைக்கு விளையாட வேண்டாம். 29 வயதான வைத்தியர் ஒருவர் 'வீ' டென்னிசை மணிக்கணக்காக விளையாடித் தோள் நோவால் அவதிப்பட்டது 2007இல் ஒரு மருத்துவ இதழிலேயே வெளிவந்தது. அம்மாவுக்கும் மூன்றாம் நாள் தோள் நொந்தது. இரண்டு நாள் ஓய்வு கொடுத்தோம்.

நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் விளையாட வேண்டாம். கை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தி ஏதாவது இனிப்புச் சாப்பிட வேண்டும். நெஞ்சு நோ உள்ளவர்கள், முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். நிற்க முடியாதவர்கள் கதிரையில் இருந்தும் போலிங் விளையாடலாம்.

வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலியக்கமும், பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு சராசரியாக 60 நிமிடங்களும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ரீவிக்கு முன்னால் கை வீசுவது அதற்கு ஒரு தொடக்கமாக இருக்கலாம், முழுவதுமாக ஆகாது.

மைதானம் திறந்திருக்குமோ?

அண்ணா குடும்பம் திரும்பிப் போய்விட்டது. பெட்டியை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு ஒரு கிழமை வீடு வெறிச்சென்று கிடந்தது. பெட்டி மேலே துவாய் போட்டு மூடியிருந்தது. பேரப்பிள்ளைகள் இல்லாமல் அம்மா அதைத் தொடவில்லை. பழையபடி கதிரை, பழையபடி யன்னல். எல்லாம் அவ்வளவுதானா என்று எனக்குக் கவலையாக இருந்தது.

ஒரு பின்னேரம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, அம்மா கேட்டார்: "பிள்ளை, பள்ளிக்கூட மைதானம் பின்னேரத்திலை திறந்திருக்குமோ?"

"ஏன் அம்மா?"

"சும்மா... பக்கத்து வீட்டு மாமியும் வாறனெண்டவ."

இரண்டு வருடமாக வைத்தியர் சொல்லியும் நான் சொல்லியும் அசையாதவர். அவர் நடக்காததற்குக் காரணம் முழங்கால் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கணவன் போன பெண் பின்னேரம் சப்பாத்துப் போட்டுக்கொண்டு றோட்டில் நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமே காரணம். கதவைச் சாத்திய விறாந்தையில், பேரப்பிள்ளைகளின் முன்னால், அந்தப் பயம் கொஞ்சம் கழன்றிருக்க வேண்டும்.

இப்போது கிழமையில் மூன்று நாள் போகிறார்கள். இரண்டு பேராகத் தொடங்கியது ஐந்து பேராகியிருக்கிறது. அதில் ஒருவருக்கு அம்மாவைவிட வயது கூட. சில நாள் மழை, சில நாள் சோம்பல், சில நாள் நின்று ஊர்க்கதை கதைத்துவிட்டுத் திரும்பி வருவதும் உண்டு. அம்மாவின் சீனி ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். மருந்து அதே மருந்துதான். ஆனால் இரவில் நித்திரை வருகிறது என்கிறார். பொட்டு இன்னும் வைப்பதில்லை. அது அவர் தீர்மானிக்க வேண்டியது. இனி நான் அதைப்பற்றி மேடையில் பேசுவதற்கு முன் வீட்டில் கேட்பேன்.

மாதர் சங்கங்களிலும் முதியோர் சங்கங்களிலும் பொறுப்பில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசித்து முடிந்ததும் அரை மணித்தியாலம் விளையாட்டுக்கு ஒதுக்குங்கள். கரம் பலகை, ஒரு பந்து, ஒரு கயிறு போதும். கதவைச் சாத்த வேண்டுமென்றால் முதலில் சாத்திக்கொள்ளுங்கள். பிறகு தானாகத் திறக்கும்.

மற்ற எல்லாருக்கும் ஒரு சின்ன வீட்டுப்பாடம். இன்று இரவு உங்கள் அம்மாவிடமோ மாமியிடமோ அம்மம்மாவிடமோ கேளுங்கள்: "நீங்கள் சின்னனிலை என்ன விளையாடினனீங்கள்?" பதிலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். அவர் எழும்பிச் செய்து காட்ட வெளிக்கிட்டால், என்னைப் போல "இருங்கோ அம்மா" என்று சொல்லாமல், நீங்களும் எழும்பி நில்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.